செய்தி வந்த நேரம், படித்த நேரம்

மாலினிம்மா,

சுகமா என்று கேட்டுத் தொடங்க வழியில்லை. நீ அடுத்த அறையில்தான் இருக்கிறாய். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் வாங்கிய முகூர்த்தப் புடவைக்கு எந்த ரவிக்கை பொருந்தும் என்று நீயும் உன் அம்மாவும் போடுகிற சத்தம் கதவைத் தாண்டிக் கேட்கிறது. இரண்டு பேருமே நல்ல தெம்போடு இருக்கிறீர்கள் என்பதற்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகளுக்குக் கடிதம் எழுதுகிறவனைப் பார்த்தால் இந்தப் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் முழுக்கச் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். நேரில் பேசலாம் என்று இந்த வாரம் முழுக்க முயன்று பார்த்தேன். உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் வாய்க்குள் கொழுக்கட்டை வந்துவிடுகிறது. கடைசியில் கல்யாண மண்டபத்துக்கு நாற்காலி போதுமா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறேன். அதையே மூன்று தடவை கேட்டுவிட்டேன் என்று உன் அம்மா சொன்னாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன ஒரு வார்த்தைதான் இதற்கெல்லாம் காரணம். கல்யாணம் முடிந்து நீ பினாங்குக்கு எடுத்துப் போக வேண்டிய சாமான்களை நாம் இரண்டு பேரும் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தோம். நீ பழைய சம்பளச் சீட்டு ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே, "அப்பா, அந்தக் கிள்ளான் விஷயத்துல நீங்க கூட முதல்ல என்னை நம்பல தானே? மெஷின் மேல தப்புன்னு தெரிஞ்ச பிறகுதானே நம்புனீங்க? பரவால லா, பழைய கதை" என்றாய். நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "டேப்பை எங்கம்மா வெச்ச?" என்று கேட்டேன். நீ டேப்பை எடுத்துக் கொடுத்தாய். பெட்டியை ஒட்டினோம். அந்த வார்த்தை மட்டும் என் நெஞ்சில் அப்படியே கிடக்கிறது.

நீ கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. சிரித்துக்கொண்டு கேட்டாய். அப்படியென்றால் இந்த ஐந்து வருஷமும் அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டு, அதோடு பழகி, என்னை மன்னித்தும் விட்டிருக்கிறாய். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு உன்னைக் கல்யாணம் பண்ணிக் கொடுத்து அனுப்ப எனக்கு மனசில்லை. 'என் அப்பா முதலில் என்னை நம்பவில்லை' என்கிற நினைப்போடு நீ இந்த வீட்டைவிட்டுப் போகக்கூடாது. இந்தக் கடிதத்தின் வேலை அவ்வளவுதான். உறையை ஒட்டாமலேயே கொடுக்கிறேன். அம்மா படிக்கட்டும், மாப்பிள்ளை சுரேஷ் படிக்கட்டும், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

உன் அப்பா எதையும் தாமதமாகச் சொல்கிற ஆள் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் ஒரு செய்தி எப்போது வந்தது, எப்போது கையில் கிடைத்தது என்கிற வித்தியாசத்தை உன் பிறப்பு அளவுக்கு எனக்கு வேறு எதுவும் கற்றுக் கொடுத்ததில்லை. நீ பிறந்தபோது நான் தந்தி ஆபீஸில் டெக்னீஷியன். குவாந்தானில் வேலை என்று அனுப்பியிருந்தார்கள். கிள்ளான் ஆஸ்பத்திரியில் நீ பிறந்ததும் உன் மாமா தந்தி அடித்துவிட்டார். அது உடனே குவாந்தானுக்கு வந்தும் விட்டது. வந்த இடம் எது? நான் மெஷின் பழுதுபார்த்துக்கொண்டிருந்த அதே ஆபீஸ். ஆனால் விலாசம் நான் தங்கியிருந்த வீட்டு விலாசம். அதனால் தந்தி என் பக்கத்துத் தட்டிலேயே மற்ற தந்திகளோடு கிடந்து, மறுநாள் சைக்கிளில் ஏறி, நான் தங்கியிருந்த வீட்டுக்குப் போய், நான் அங்கே இல்லாததால் திரும்பி ஆபீஸுக்கே வந்தது. தந்தியின் மேலே அது வந்த நேரம் அழகாக முத்திரை குத்தியிருந்தது. நான் அதைப் படித்தது மறுநாள் மத்தியானம். "தந்தி ஆபீஸ்ல வேலை பாக்கறவருக்குத் தந்தி ஒரு நாள் லேட்டு" என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். அதனால்தான் நான் உனக்குப் பிறந்தநாள் பரிசை எப்போதும் மறுநாள் கொடுக்கிறேன். அப்பா மறந்துவிட்டு அடுத்த நாள் ஓடிப்போய் வாங்குகிறார் என்று சின்ன வயசில் நீ சாதிப்பாய். மறக்கவில்லை, அம்மா. எனக்கு நீ பிறந்தது அன்றைக்குத்தான்.

இனிக் கிள்ளான் கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ இருந்த பக்கத்திலிருந்து மட்டுமே உனக்குத் தெரியும்.

தந்தி வேலையை விட்டு, சாயங்கால வகுப்பில் கம்ப்யூட்டர் படித்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் நான் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் கம்பெனி கிள்ளானில் ஒரு குளிர்கிடங்குக்கு புரோகிராம் போட்டுக் கொடுத்திருந்தது. அதை எழுதிய ஆள் சிங்கப்பூருக்குப் போய்விட்டதால் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒவ்வொரு கோல்ட்ரூமிலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். உள்ளே சூடு ஏறினால் அந்தப் பெட்டி கேபிள் வழியாகக் கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டருக்கு ஒரு செய்தி அனுப்பும். அந்தச் செய்திப் பொட்டலத்தைத்தான் எங்கள் தொழிலில் பாக்கெட் என்கிறோம். கம்ப்யூட்டர் அதைப் படித்து அலாரம் அடிக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர் பார்த்தேன் என்று ஒரு பட்டனை அமுக்கிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். அந்த நாற்காலிக்கு ஆள் தேவை என்றார்கள். படிப்பை முடித்துவிட்டு வீட்டில் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த உன்னை நான்தான் அங்கே சேர்த்துவிட்டேன்.

அந்த மத்தியானம் ஐஸ்கிரீம் வைத்திருந்த அறையில் கம்ப்ரெசர் நின்றுபோனது. தீபாவளி நேரத்துச் சரக்கு, அறை நிறைய அடுக்கியிருந்தார்கள். மெக்கானிக் அப்போது வாசலிலேயே இருந்திருக்கிறார். ஆனால் நீ அவரைக் கூப்பிட்டபோது அவர் வேறு வேலையாகத் துறைமுகம் பக்கம் கிளம்பிப் போய்விட்டார். திரும்பி வருவதற்குள் ஐஸ்கிரீம் எல்லாம் பாயாசம். கம்ப்யூட்டரில் எல்லாம் பதிவாகும் அல்லவா, அந்த லாக்கை எடுத்துப் பார்த்தார்கள். அலாரம் ஒரு நேரம், நீ பட்டன் அமுக்கியது அதற்குக் கிட்டத்தட்ட அரைமணி நேரம் கழித்து. அரைமணி நேரம் அந்தப் பெண் எங்கே போயிருந்தாள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. தூங்கிவிட்டாள் என்று ஒருத்தர், போனில் எவனோடோ பேசிக்கொண்டிருந்தாள் என்று இன்னொருத்தர். கிள்ளானில் நம் ஆட்களுக்கு ஒரு வாய்க்கு இன்னொரு வாய் எவ்வளவு பக்கம் என்று உனக்குத் தெரியும். வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்கும். இந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டால் போகாது.

என்னைக் கூப்பிட்டார்கள். குளிர்கிடங்கின் முதலாளியான சீனத் தவுக்கே, விசாரணை நடந்த ரூமுக்கு வெளியிலேயே என்னை நிறுத்தி, மலாயில் ஒரு கேள்வி கேட்டார். நீ அப்பாவாக வந்திருக்கிறாயா, புரோகிராம் ஆளாக வந்திருக்கிறாயா? அப்பாவாக வந்திருந்தால் வெளியே உட்கார், உன் கம்பெனியிலிருந்து வேறு ஆளை வரச் சொல்கிறேன் என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. நான் புரோகிராம் ஆளாக வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன். இது உனக்கு இன்றுவரை தெரியாது.

உள்ளே நீ கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன் சூப்பர்வைசர் குணா காகிதத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். "நீங்களே பாருங்கண்ணே. அலாரம் எப்ப, இந்தப் பிள்ள அமுக்குனது எப்ப. நடுவுல எங்க போச்சு? நான் மக்கான் சாப்பிடப் போன நேரம் பாத்து இப்படி ஆகிப்போச்சு" என்றார். தவுக்கே உன்னைப் பார்த்தார். நீ நிமிர்ந்து உட்கார்ந்து, "அலாரம் அடிச்ச உடனே அமுக்குனேன். அடிக்காத அலாரத்துக்கு நான் என்ன பண்றது? ஜோசியமா பாக்கறது?" என்று வெடித்தாய். தவுக்கேவுக்குத் தமிழ் புரியவில்லை, ஆனால் தொனி நன்றாகவே புரிந்தது. குணாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

மாலினி, நான் உன்னை நம்பியது அந்த இடத்தில். அந்த 'ஜோசியமா' என்கிற வார்த்தை உன் வாயிலிருந்து வந்து விழுந்த அதே நொடியில். ஏன் என்று சொல்கிறேன், நீ கோபித்துக்கொள்ளக்கூடாது. உனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். தாராளமாகச் சொல்வாய். ஆனால் பொய் சொல்லும்போது உனக்கு எங்கிருந்தோ மரியாதை பொங்கி வந்துவிடும். ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு சிநேகிதிகளோடு படம் பார்க்கப் போன அன்று, வீட்டுக்குள் நுழைந்ததும் "அப்பா, சாப்பிட்டீங்களா? காப்பி கலக்கட்டுமா?" என்று கேட்டாய். காப்பியா! நீயா! அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவின் கண்ணாடிக் கிண்ணத்தை உடைத்துவிட்டு, "அம்மா, நீங்க ரொம்ப களைப்பா இருக்கீங்க, படுங்க" என்றாய். அப்படிப்பட்ட நீ, வேலை போகப்போகிற நேரத்தில், முதலாளியின் முகத்துக்கு நேராக ஜோசியமா பார்க்கிறது என்று கேட்கிறாய் என்றால் அது சத்தியம். அதில் எனக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் வரவில்லை. சந்தேகம் வந்து போனது என்றுகூட இல்லை. வரவே இல்லை.

ஆனால் இதை எப்படி அந்த மேசையில் வைப்பது? தவுக்கே, என் மகள் மரியாதை இல்லாமல் பேசுகிறாள், ஆகவே உண்மை பேசுகிறாள் என்றா? குணா என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கண்ணே, லாக் தப்பா?" என்று கேட்டார். தவுக்கேயும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்பாவாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், வெளியே அனுப்பிவிடுவார்கள். வேறு ஒருவன் வருவான், இரண்டு நேரத்தையும் பார்ப்பான், லாக் சரிதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். ஆகவே, "லாக்கில் தப்பு இருப்பதாக இதுவரைக்கும் தெரியவில்லை, நான் பார்க்க வேண்டும்" என்று சொன்னேன். நீ என்னைப் பார்த்தாய். நான் காகிதத்தைப் பார்த்தேன். உன் கண்ணைப் பார்த்திருந்தால் என் முகத்தைப் பார்த்தே தவுக்கே என்னைக் கண்டுபிடித்திருப்பார். நீ பார்த்ததெல்லாம் குனிந்த தலையைத்தான்.

அங்கே சொல்ல முடியவில்லை, சரி. பஸ்ஸில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். கேட்க வேண்டியதுதான். இனி வேலைக்கு வர வேண்டாம் என்று உன்னை அனுப்பிவிட்டார்கள். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரைக்கும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம். 'நான் உன்னை நம்புகிறேன் அம்மா' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் என் மூளை அதற்குள் வேலைக்குக் கிளம்பிவிட்டது. நீ சொன்னது உண்மை, லாக்கும் பொய்யில்லை, அப்படியென்றால் நடுவில் எதுவோ இருக்கிறது என்று அதையே துருவிக்கொண்டிருந்தேன். அதனால் உன் பக்கம் திரும்பி, "அலாரம் அடிக்கறதுக்கு முன்னாடி நீ என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்த?" என்று கேட்டேன். உன்னை நம்பியதால் கேட்ட கேள்வி அது. நம்பாதவன் கேட்கிற கேள்வியும் எழுத்துக்கு எழுத்து அதேதான் என்பது இந்த மண்டைக்கு உறைக்கவில்லை. "நீங்களும் அவங்க மாதிரியே கேக்கறீங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதோடு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாய். எனக்கு இருந்த ஒரே சாட்சி நீதான். அந்தச் சாட்சியையும் நானே ஊமையாக்கிவிட்டேன்.

அடுத்த மூன்று வாரமும் நான் வீட்டில் எப்படி இருந்தேன் என்று அம்மாவைக் கேள். சோற்றில் ரசத்துக்குப் பதில் தண்ணீரை ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறேன். கோல்ட்ரூம் பெட்டியின் கடிகாரத்தைச் சோதித்தேன், சரியாக ஓடியது. கம்ப்யூட்டர் கடிகாரமும் சரி. பெட்டி பாக்கெட்டை அனுப்பும்போதே அதன் மேல் நேரத்தை எழுதி அனுப்பியது, அது உண்மை. நீ பட்டனை அமுக்கியதும் கம்ப்யூட்டர் நேரத்தை எழுதியது, அதுவும் உண்மை. இரண்டு உண்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பொய் வருகிறது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

கடைசியில் வழி காட்டியது உன் சட்டை. ஒரு சனிக்கிழமை நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் துணி துவைத்துக்கொண்டே, "இந்த மை போகவே மாட்டேங்குது. நல்ல வெள்ளைச் சட்டை. கடைசி நாள் கிள்ளானுக்குப் போட்டுக்கிட்டுப் போய் நாசம் பண்ணி வெச்சிருக்கு" என்று புலம்பினாள். என்ன மை என்று கேட்டேன். "எனக்கு என்ன தெரியும், உங்க மகள கேளுங்க" என்றாள். நீதான் என்னோடு பேசுவதில்லையே. அதனால் நான் அம்மாவிடம் கேட்க, அம்மா அங்கிருந்தே உன்னிடம் கேட்க, நீ அறைக்குள்ளிருந்து, எனக்குக் கேட்கிற மாதிரியே, ஆனால் அம்மாவிடம் சொல்கிற மாதிரி, "பிரிண்டர் ரிப்பன் மை லா, ம்மா. குணா அண்ணன் மாசக் கணக்கு பிரிண்ட் போடச் சொல்லிட்டுச் சாப்பிடப் போயிட்டாரு. பேப்பரும் ரிப்பனும் சிக்கிக்கிச்சு. எவ்ளோ நேரம் மல்லுக்கட்டுனேன் தெரியுமா? அத சரி பண்ணி முடிச்சேன், அலாரம் அடிச்சிருச்சு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சொன்னா நாற்காலிய விட்டு எந்திரிச்சேன்னு அதையும் ஒரு குத்தமா எழுதுவாங்க" என்றாய். நான் சாப்பிட்ட கையைக் கழுவாமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினேன். நீ அதைப் பார்த்துவிட்டு, அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய்.

சம்பந்தம் என்ன என்று உனக்கு யாரும் ஒழுங்காகச் சொன்னதில்லை, நான் உட்பட. கேள். பாக்கெட் வந்ததும் கம்ப்யூட்டரில் கேபிள் செருகியிருக்கிற ஒரு கார்டு அதை வாங்கி ஓர் ஓரத்தில் வைத்துக்கொள்ளும். புரோகிராம் தன் கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு வந்து அதை எடுத்துப் படிக்கும். படித்தால்தான் அலாரம் அடிக்கும். அன்று புரோகிராமின் கையில் இருந்த வேலை அந்த மாசக் கணக்கு. பிரிண்டர் சிக்கிக்கொண்டதும் அது எப்போது சரியாகும் என்று புரோகிராம் அப்படியே நின்றுவிட்டது. பெட்டி அனுப்பிய செய்தி உடனே வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டது. உள்ளே இருக்கிறவனுக்கு அதைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. நீ ரிப்பனைச் சரிசெய்த பிறகுதான் அவனுக்கு உயிர் வந்தது, கூச்சல் போட்டான், நீ ஓடிப்போய் அமுக்கினாய். செய்தி புறப்பட்ட நேரம் எழுதப்பட்டிருந்தது. நீ அமுக்கிய நேரமும் எழுதப்பட்டிருந்தது. அதை எடுத்துப் படித்து உன்னிடம் சொன்ன நேரத்தை மட்டும் எவனும் எங்கேயும் எழுதவில்லை. உன் அரைமணி நேரம் அங்கேதான் காணாமல் போயிருந்தது.

திங்கட்கிழமை தவுக்கேயையும் குணாவையும் கன்ட்ரோல் ரூமில் நிற்க வைத்தேன். உன்னையும் வரச் சொல்லி அம்மா மூலம் சொல்லி அனுப்பினேன். நீ வரமாட்டேன் என்றுவிட்டாய். பிரிண்டரை அதன் பட்டனைத் தட்டி நிறுத்தி வைத்துவிட்டு மாசக் கணக்கை அச்சிடச் சொன்னேன். பிறகு குணாவைக் கோல்ட்ரூமுக்கு அனுப்பிக் கதவைத் திறந்து வைக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் குணா போனில், "அண்ணே, பெட்டில செகப்பு லைட்டு எரியுது. அடிக்குதா?" என்றார். அடிக்கவில்லை. "இப்ப?" இல்லை. "இன்னுமா அண்ணே?" இல்லை. தவுக்கே திரையைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். அவருக்கு வியர்த்துவிட்டது. நான் பிரிண்டரின் பட்டனைத் தட்டினேன். பிரிண்டரும் அலாரமும் ஒன்றாகக் கத்தின. தவுக்கே பதறிப்போய்த் தானே ஓடி அந்தப் பட்டனை அமுக்கினார். லாக்கை எடுத்துக் காட்டினேன். இந்தக் கணக்குப்படி நீங்களும் எங்கேயோ போய்விட்டு வந்திருக்கிறீர்கள் தவுக்கே என்று மலாயில் சொன்னேன். அப்போது நான் புரோகிராம் ஆளாகப் பேசவில்லை. அப்பாவாகத்தான் பேசினேன். குணா திரும்பி வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "அண்ணே, அந்தப் பிள்ளய நான் என்னென்னவோ பேசிட்டேன்ணே" என்றார். அவரே ஒவ்வொருவரிடமும் போய் உன் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். உன் கல்யாணப் பத்திரிகையை வாங்கிக்கொள்ளும்போதும் அவருக்குக் கண் கலங்கியது.

வீட்டுக்கு வந்தேன். நீ ஹாலில் உட்கார்ந்திருந்தாய். நான் என்ன சொன்னேன்? "பிரிண்டர்தான் காரணம்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். அதுதான் நான். நீ இருந்த பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. முதலில் அப்பா தலையைக் குனிந்தார், பிறகு குறுக்கு விசாரணை செய்தார், பிறகு பேசாமல் இருந்தார், பிறகு மெஷின் மேல் தப்பு என்று தெரிந்தது, அதன் பிறகு அப்பா சிரித்தார். இந்த வரிசையைப் பார்த்து யாராக இருந்தாலும் நீ நினைத்ததைத்தான் நினைப்பார்கள். உன் மேல் தப்பே இல்லை. தவுக்கே மறுபடி வேலைக்கு வரச் சொல்லியும் நீ போகவில்லை. எனக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை. அதையும் நான் உன்னிடம் சொல்லவில்லை என்று இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

அதற்குப் பிறகு நான் எழுதிய எந்த புரோகிராமிலும் முதல் வேலை ஒன்றுதான். பாக்கெட் வந்து கார்டைத் தொட்டதும், யாரும் அதைப் பிரிப்பதற்கு முன்னால், வந்த நேரத்தை அங்கேயே எழுதிவிட வேண்டும். எடுத்துப் படிக்கும்போது இன்னொரு நேரம். ஆபீஸில் இருக்கிற சின்னப் பையன்கள் இந்த விஷயத்தில் என்னைக் கிண்டல் பண்ணுவார்கள். அங்கிள் வீட்டில் சாம்பார் கொதித்தாலும் நேரம் குறித்து வைப்பார் என்பார்கள். கம்ப்யூட்டருக்கு அதைச் செய்துவிட்டேன். எனக்கு நானே செய்துகொள்ளவில்லை. உன் மேல் வைத்த நம்பிக்கை அந்த ரூமிலேயே வந்துவிட்டது. வந்து உள்ளே உட்கார்ந்துவிட்டது. நான் தவுக்கேவுக்குக் கணக்குக் காட்டுகிற வேலையில் சிக்கிக்கொண்டு நின்றேன், அதை எடுத்து உன்னிடம் படித்துக் காட்டவில்லை. கணக்கு முடிந்த பிறகும் படித்துக் காட்டவில்லை. அதற்கு எந்தச் சாக்கும் என்னிடம் இல்லை.

இந்த இடத்தில் அப்பா என்கிற முறையில் ஒரு புத்திமதி சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். மாப்பிள்ளையை இந்த ஆறு மாசமாகப் பார்க்கிறேன். நல்ல பிள்ளை. ஆனால் அவரும் கொஞ்சம் என் ஜாதிதான், கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் காப்பி ஆறிவிடுகிறது. அவர் பேசாமல் இருக்கிற நேரத்தை வைத்து எதையும் முடிவுகட்டாதே. 'என்ன ஓடுது உள்ள?' என்று உலுக்கிக் கேட்டுவிடு. அதே நேரம், நீ மட்டும் என்ன பெரிய சுறுசுறுப்பு? 'நீங்க கூட நம்பல தானே' என்கிற ஒரு வரியை ஐந்து வருஷம் மனசுக்குள் வைத்திருந்து, கல்யாணத்துக்குப் பெட்டி கட்டும்போது எடுத்துச் சொல்கிறாய். மூக்கும் முழியும் அம்மா மாதிரி, இது மட்டும் என்னிடமிருந்து வந்தது. வலித்தால் வலித்த அன்றைக்கே சொல்லிவிடு அம்மா. சண்டை போட்டாலும் பரவாயில்லை. பினாங்கில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பழகிக்கொள்வார்கள்.

நான் சொன்னதற்கெல்லாம் அத்தாட்சி என்ன என்று நீ கேட்கலாம். யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றுமே இல்லை. அந்த ரூமில் நான் உன்னை நம்பினேன் என்பதை அன்று யாரிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடம்கூட. எந்த லாக்கிலும் அது பதிவாகவில்லை. உனக்கென்று நான் ஒரு சோதனை நடத்திக் காட்டவும் முடியாது. அன்று அந்த மேசையின் முன்னால் நீ உட்கார்ந்திருந்தபோது உனக்கும் அத்தாட்சி எதுவும் இல்லை. அடித்த உடனே அமுக்கினேன் என்று நீ சொன்னாய், நான் எடுத்துக்கொண்டேன். இன்று நான் சொல்கிறேன். நீ சொன்ன உடனே நம்பினேன்.

எடுத்துக்கொள்வதும் கொள்ளாததும் உன் விருப்பம். எதுவானாலும் இதையும் உள்ளே வைத்திருந்துவிட்டு இன்னும் ஐந்து வருஷம் கழித்துச் சொல்லாதே. படித்து முடித்த கையோடு எழுந்து வா. நான் ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா